கேமரா பதிவுக்கு எந்த மென்பொருள்? வாங்கும் முன் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

சிசிடிவி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது லைவ் காட்சியைத்தான். பெரிய திரையில் வாசல், கல்லா, கொல்லைப்புறம் எல்லாம் எட்டுக் கட்டமாகப் பளிச்சென்று தெரியும். கைபேசியிலும் தெரியும். சரி, நன்றாகத்தான் இருக்கிறது என்று பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் லைவ் காட்சியை ஒழுங்காகக் காட்டாத மென்பொருள் இன்று சந்தையில் தேடினாலும் கிடைக்காது. அதை வைத்து ஒன்றை எடுப்பதும் இன்னொன்றை ஒதுக்குவதும் வீண் வேலை.

கடையில் பொருள் காணாமல் போனது பதினோராவது நாள்தான் தெரியவருகிறது என்று வையுங்கள். அந்த ராத்திரியின் பதிவு இன்னும் இருக்கிறதா? அதைக் கால் மணி நேரத்துக்குள் தேடி எடுக்க முடிகிறதா? பென்டிரைவில் போட்டுக் காவல் நிலையத்தில் கொடுத்தால் அங்குள்ள கணினியில் ஓடுகிறதா? நல்ல மென்பொருள் எது என்பது இந்த மூன்று கேள்வியில் தெரிந்துவிடும்.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்த வழக்கு நினைவிருக்கும். அங்கே விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விவரத்தைக் குறிப்பிட்டிருந்தார். நிலையத்தின் கேமராப் பதிவுக்கு ஒரு டெராபைட் டிஸ்க் இருந்தது, அதில் போதிய இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தினமும் தானாக அழிந்துபோகும்படி செட்டிங்ஸ் வைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19 சம்பவத்தின் காட்சி அதில் இல்லை. கேமரா, டிஸ்க், வயர் எல்லாம் இருந்தும், மென்பொருளின் ஒரு அமைப்பு போதும், பதிவே இல்லாமல் செய்ய.

கீழே சொல்வதெல்லாம் நான்கு முதல் பதினாறு கேமரா வரை உள்ள வீடு, கடை, சிறு அலுவலகம், அடுக்ககச் சங்கம் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது. கணக்குகளுக்கு எட்டு கேமராவை எடுத்துக்கொள்கிறேன்.

## முதல் படி: தனி மென்பொருள் தேவைதானா என்று பாருங்கள்

கேமராவோடு சேர்த்து விற்கும், காட்சிகளைப் பதிந்துவைக்கும் என்விஆர் பெட்டிக்குள்ளேயே பதிவு மென்பொருள் இருக்கிறது. எட்டு கேமராவும் ஒரே பிராண்டு, பதிவாகிக்கொண்டிருந்தால் போதும், வேண்டும்போது பார்த்துக்கொள்வேன் என்றால் அந்தப் பெட்டியே போதும். மின்சாரம் குறைவாக எடுக்கும். கரண்ட் போய் வந்தால் தானே எழுந்துகொள்ளும். விண்டோஸ் அப்டேட் என்று நடுராத்திரியில் நின்றுபோகாது. இதைச் சொல்லாமல் நேராக மென்பொருள் பட்டியலுக்குத் தாவுகிற வழிகாட்டிகளை நான் நம்புவதில்லை.

தனி மென்பொருளுக்குப் போக நியாயமான காரணங்கள் சில உண்டு. கேமராக்கள் வெவ்வேறு பிராண்டாக இருக்கலாம். பூனை, மழை, மரக்கிளை எல்லாவற்றுக்கும் பெட்டி எச்சரிக்கை அனுப்பி, கடைசியில் நீங்கள் எச்சரிக்கையையே அணைத்துவைத்திருக்கலாம். பெட்டியில் ஒரு டிஸ்க்தான் போடமுடியும், உங்களுக்கு அதைவிட நாள் வேண்டும் என்றிருக்கலாம். உங்கள் வீட்டுக் காட்சி தயாரிப்பாளரின் சர்வர் வழியாகப் போய் வருவது பிடிக்காமலிருக்கலாம். இவற்றில் ஒன்றாவது உண்மையாக இருந்தால் மேலே படியுங்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஹிக்விஷனின் ஐவிஎம்எஸ்-4200, டாஹுவாவின் ஸ்மார்ட்பிஎஸ்எஸ், சிபி பிளஸ்ஸின் கேவிஎம்எஸ் ப்ரோ போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. இவை பெரும்பாலும் பெட்டியில் ஏற்கனவே பதிவானதைக் கணினித் திரையில் பார்க்கவும் தேடவும்தான். இதில் ஒன்றை நிறுவிவிட்டு, கணினியிலும் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. வந்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லாமே போச்சு.

பழைய அனலாக் கேமராவும் அதற்கான பதிவுப் பெட்டியான டிவிஆரும் வைத்திருப்பவர்கள் அதையெல்லாம் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஓரளவு புதிய டிவிஆர்கள் ஒவ்வொரு சேனலையும் நெட்வொர்க்கில் தனித்தனி ஸ்ட்ரீமாக, அதாவது தொடர்ந்து ஓடிவரும் வீடியோவாகத் தரும். அதைத் தனி மென்பொருள் எடுத்துப் பதிந்துகொள்ளும்.

## இரண்டாம் படி: எத்தனை நாள் வேண்டும், அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்

மென்பொருளின் பெயரைக் கேட்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: கேமரா நொடிக்கு அனுப்பும் டேட்டாவின் அளவான பிட்ரேட்டை எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்) கணக்கில் எடுத்து 10.8 ஆல் பெருக்கினால், ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி என்று வரும்.

4 மெகாபிக்சல் கேமரா எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறையில் 4 எம்பிபிஎஸ் அனுப்புகிறது என்றால், ஒரு நாளைக்கு 43.2 ஜிபி. எட்டு கேமராவுக்கு 345.6 ஜிபி. முப்பது நாளுக்குச் சுமார் 10.4 டிபி. அதே கேமராவை, இன்னும் நன்றாகச் சுருக்கும் எச்.265-க்கு மாற்றி 2 எம்பிபிஎஸ் வைத்தால் பாதிதான், 5.2 டிபி. ஒரு 6 டிபி டிஸ்கில் அடங்கிவிடும். ஆனால் 6 டிபி டிஸ்கை விண்டோஸ் 5.45 என்றுதான் காட்டும். பயந்துவிடாதீர்கள், இரண்டும் அளக்கும் அலகு வேறு, இடம் குறையவில்லை. டிஸ்கில் பத்து சதவீதமாவது காலியாக விடுங்கள்.

பிட்ரேட்டைக் கேமராவின் செட்டிங்ஸில் பார்க்கலாம். மாறும் பிட்ரேட் என்று வைத்திருந்தால் ராத்திரி கணக்கு எகிறும். இருட்டில் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலும் அசைவு மாதிரியே டேட்டாவைத் தின்னும். அதனால் உச்ச வரம்பு எவ்வளவு என்று நிர்ணயித்துவிட்டு, அந்த வரம்பை வைத்தே கணக்குப் போடுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) தேவையில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நொடிக்கு 12 முதல் 15 ஃபிரேம் தாராளம்.

சரி, எத்தனை நாள்? உங்களுக்கு இழப்பு தெரியவர அதிகபட்சம் எவ்வளவு நாளாகும் என்று யோசியுங்கள். மாதக் கடைசியில் இருப்பு எடுக்கிற கடையில் முப்பது நாள் வைத்தால் விளிம்பில் நிற்கும், நாற்பத்தைந்து வையுங்கள். எப்போதும் ஆள் இருக்கும் வீட்டுக்குப் பதினைந்து நாள் போதும். பூட்டிக்கிடக்கும் ஊர் வீடு என்றால் நீங்கள் போய்வரும் இடைவெளிதான் கணக்கு. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைக்க வேண்டும், அந்த வசதி சந்தையில் இல்லையென்றால் கிடைக்கிற அதிகபட்ச காலம், எப்படியும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்றது. 2 எம்பிபிஎஸ் கேமரா ஒன்றே ஒன்றுக்கு 18 மாதம் என்பது கிட்டத்தட்ட 12 டிபி. கடைக்காரர் யாரும் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. நாள் கூடக்கூட டிஸ்க் எப்படித் தின்னும் என்பதற்காகச் சொன்னேன்.

இடத்தை மிச்சம் பிடிக்க அசைவு வந்தால் மட்டும் பதியும்படி வைப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அசைவைக் கண்டுபிடிக்கும் கணக்கு தவறினால் பதிவே இருக்காது. அது தவறிய நேரம் எது என்பதும் உங்களுக்குத் தெரியாது. இதற்கு நடுவழி ஒன்று உண்டு. கேமராக்கள் இரண்டு ஸ்ட்ரீம் தரும்: முழுத் தெளிவுள்ள மெயின், சிறிய சப். சப் ஸ்ட்ரீமை 24 மணி நேரமும் பதியவிட்டு, ஆளோ வண்டியோ வந்தால் மெயினையும் சேர்த்துப் பதியலாம். அரை எம்பிபிஎஸ் சப் ஸ்ட்ரீம் ஒரு நாளைக்கு 5.4 ஜிபிதான் எடுக்கும். இப்படி இரண்டையும் பிரித்துப் பதியத் தெரியாத மென்பொருளாக இருந்தால் என் பட்டியலில் ஒரு படி கீழே இறக்கிவிடுவேன்.

இந்தப் படியிலேயே மென்பொருளிடம் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு கேமராவுக்கும் தனி நாள் கணக்கு வைக்க முடியுமா? டிஸ்க் நிறைந்தால் பழையதை அழித்துத் தொடருமா, பதிவை நிறுத்திவிடுமா? நாள் வரம்பு, அளவு வரம்பு இரண்டும் இருந்தால் எது முதலில் வருகிறதோ அதுதான் அழிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நாற்பத்தைந்து நாள் என்று எழுதிவிட்டு அளவை 1 டிபி என விட்டால், எட்டு கேமராவுக்கு மூன்று முதல் ஆறு நாளுக்குள் அழிய ஆரம்பித்துவிடும். முக்கியமான காட்சியை அழியாமல் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டிஸ்க் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்தவை. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் அந்த வேலைக்கு வடிவமைத்ததல்ல.

## மூன்றாம் படி: உங்கள் கேமரா வெளி மென்பொருளோடு பேசுமா

இரண்டு பெயர் தெரிந்தால் போதும்: ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி. ஆன்விஃப் என்பது ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் 2008-ல் தொடங்கிய பொதுத் தர அமைப்பு. ஒரு பிராண்டு கேமராவை இன்னொரு பிராண்டு மென்பொருள் கண்டுபிடித்து இயக்க அது வழிசெய்கிறது. இதில் புரொஃபைல் எஸ் அடிப்படை வீடியோவுக்கு. எச்.265-ம் அசைவு எச்சரிக்கைகளும் வேண்டுமானால் புரொஃபைல் டி (T) இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டிஎஸ்பி என்பது வீடியோ வந்துசேரும் பாதை. வழக்கமாக 554-ம் போர்ட்டில் இருக்கும்.

கடைக்காரர் "எல்லாம் சப்போர்ட் ஆகும் சார்" என்பார். நீங்களே சோதித்துவிடுங்கள். விஎல்சி பிளேயரில் நெட்வொர்க் ஸ்ட்ரீம் திறக்கும் இடத்தில் கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியைக் கொடுங்கள். படம் வந்தால் அநேகமாக எந்த மென்பொருளிலும் வரும். ஹிக்விஷனில் முகவரியின் கடைசியில் 101 என்றால் முதல் கேமராவின் மெயின் ஸ்ட்ரீம், 102 என்றால் சப். டாஹுவா வகையில் சேனல் எண்ணும், சப்டைப் 0 அல்லது 1 என்பதும் வரும். ஹிக்விஷன் கேமராக்களில் ஆன்விஃப் அணைத்தே வரும். உள்ளே போய் அதை இயக்கி, அதற்கென்று தனிப் பயனர் பெயரும் உருவாக்க வேண்டும். மென்பொருளில் கேமரா வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பலருக்குப் பிரச்சினை இதுதான்.

பேட்டரியில் ஓடும் வைஃபை கேமராக்களை இந்தத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். அவை தூங்கி விழிப்பவை, தொடர் ஸ்ட்ரீம் தராது. டேப்போ போன்ற பிராண்டுகளில் பிளக்கில் செருகும் கேமராக்கள் பலவற்றில் ஆர்டிஎஸ்பி உண்டு, ஆனால் செயலிக்குள் கேமரா கணக்கு என்று தனியாக ஒன்று உருவாக்க வேண்டும்.

கேமராவில் எச்.265+ அல்லது ஸ்மார்ட் கோடெக் என்று ஒரு வசதி இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அசைவில்லாதபோது முழுப் படத்தை அரிதாக அனுப்பி இடத்தை மிச்சப்படுத்துவது அதன் வேலை. வெளி மென்பொருளில் அதுவே தேடலைத் தாமதமாக்கும், கிளிப்பின் தொடக்கத்தைக் கெடுக்கும். ஐ-ஃபிரேம் என்னும் முழுப் படம் வரும் இடைவெளியை ஃபிரேம் எண்ணிக்கைக்குச் சமமாக வையுங்கள்: 15 ஃபிரேம் என்றால் 15. நொடிக்கு ஒரு முழுப் படம் வந்துவிடும்.

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் மத்திய மின்னணு அமைச்சகத்தின் பாதுகாப்புத் தேவைகளின்படி சோதிக்கப்பட்டுப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பழைய சரக்கை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பவரிடம் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள்.

## நான்காம் படி: எந்தக் கணினியில் ஓடும்

வந்த ஸ்ட்ரீமை அப்படியே டிஸ்கில் எழுதுவது கணினிக்கு ஒரு வேலையே இல்லை. சுருக்கி வந்த வீடியோவைத் திரையில் விரித்துக் காட்டுவதும், ஆளா நாயா என்று பிரித்துப் பார்ப்பதும்தான் சுமை. எனவே மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது புதிதாகச் சுருக்காமல், நேரடியாக டிஸ்கில் எழுதும் வசதி மென்பொருளில் இருந்தே ஆக வேண்டும்.

இன்டெல் ஆறாம் தலைமுறை முதல் எச்.265-ஐ வன்பொருளிலேயே விரிக்க முடியும். அதனால் அலுவலகங்களில் கழித்துக்கட்டும் பழைய ஐ5 டவர் கணினி எட்டு கேமராவுக்கு நல்ல தேர்வு. அதில் 3.5 அங்குல டிஸ்க் போட இடமும் இருக்கும். என்100 சிப் உள்ள மினி பிசிக்கள் மின்சாரத்தில் சிக்கனம், ஆனால் பெரிய டிஸ்க் உள்ளே போகாது. யுஎஸ்பி வழியாக வெளியே தொங்கவிட்ட டிஸ்கில் 24 மணி நேரப் பதிவு நடப்பதை நான் விரும்பமாட்டேன். யாராவது தூசி தட்டும்போது வயர் கழன்றால் போச்சு.

மின்கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 வாட் எடுக்கும் கணினி நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 58 யூனிட். 15 வாட் மினி பிசி என்றால் 22. ஏற்கனவே ஸ்லாப் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கணினிக்கு மட்டும் யூபிஎஸ் போட்டுவிட்டு, கேமராவுக்கு மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்சைச் சாதாரண பிளக்கில் விட்டால் பதிவுக்கு எதுவும் வராது. ரவுட்டர், ஸ்விட்ச், கணினி மூன்றும் ஒரே காப்பில் இருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் மாறும் அந்தக் கணத்தில் கணினி அணைந்து எழும். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸில், மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும்படி மாற்றிவிடுங்கள். மென்பொருளும், யாரும் கடவுச்சொல் போட்டு உள்ளே நுழையாமலே பின்னணிச் சேவையாகத் தொடங்கும் வகையாக இருக்கட்டும்.

## ஐந்தாம் படி: இரண்டே இரண்டைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் நிறுவிப் பார்க்க நேரம் போதாது. உங்கள் சூழலுக்குப் பொருந்தும் இரண்டை மட்டும் எடுங்கள்.

விண்டோஸ்தான் தெரியும் என்றால் ப்ளூ ஐரிஸ். வீட்டுக்கும் சிறு கடைக்கும் நீண்ட காலமாகப் பலர் வைத்திருப்பது. 64 கேமரா வரை தாங்கும். கேமராவுக்கு இவ்வளவு என்று இல்லாமல் ஒரு கணினிக்கு ஒரே உரிமம். நேரடி டிஸ்க் பதிவு, மெயின்-சப் பிரிப்பு இரண்டும் உண்டு. முகப்பு பழைய பாணி, செட்டிங்ஸ் ஒரு பெருங்காடு. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பதிவுக் கோப்புறையை ஆன்டிவைரஸ் தொடாமல் விலக்கிவைக்க மறக்காதீர்கள்.

லினக்ஸும் டாக்கரும் பழக்கம் என்றால் ஃப்ரிகேட். திறந்த மூல மென்பொருள். சப் ஸ்ட்ரீமில் நொடிக்கு ஐந்து ஃபிரேம் அளவில் ஆள், வண்டி, நாய் என்று பிரித்தறிந்து, மெயின் ஸ்ட்ரீமைத் தொடாமல் அப்படியே பதிகிறது. இன்டெல் சிப்பின் உள்ளே இருக்கும் கிராபிக்ஸே அந்தப் பிரித்தறிதலைச் செய்துவிடும். பொய் எச்சரிக்கைதான் உங்கள் தலைவலி என்றால் இதைவிட நல்லதை நான் சொல்லமாட்டேன். ஆனால் அமைப்பு முழுக்க ஒரு உரைக்கோப்பில் வரிவரியாக எழுதுவதைச் சுற்றியே வளர்ந்தது. இடைவெளி ஒன்று தவறினாலும் எழுந்திருக்காது. நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டிலிருப்பவர் இதைச் சரிசெய்வது நடக்காத காரியம்.

ஏற்கனவே சினாலஜி நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வைத்திருந்தால் அதிலேயே சர்வெயிலன்ஸ் ஸ்டேஷன் வருகிறது. இரண்டு கேமராவுக்கு உரிமம் நாஸோடு சேர்த்தே கிடைக்கும். மூன்றாவதிலிருந்து கேமராவுக்கு ஒன்று எனக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எட்டு கேமராவுக்கு ஆறு உரிமம் என்ன விலை என்பதைக் கணக்கிட்டுவிட்டு முடிவெடுங்கள். பயன்படுத்த எளிது, குடும்பத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

ஐஸ்பை என்ற பழைய மென்பொருளின் அடுத்த வடிவமான ஏஜென்ட் டிவிஆர், வீட்டுக்குள்ளேயே பயன்படுத்த இலவசம். வெளியிலிருந்து பார்க்கும் சேவைக்குச் சந்தா. ஜோன்மைண்டர் 2002 முதல் இருக்கும் லினக்ஸ் மென்பொருள். பொறுமைசாலிகளுக்கு ஏற்றது, புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். டென்மார்க்கின் மைல்ஸ்டோன் எக்ஸ்புரொடெக்ட், நெட்வொர்க் ஆப்டிக்ஸின் என்எக்ஸ் விட்னஸ் போன்றவை கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலை அளவுக்கு. அந்த அளவு இருந்தால் அனுபவமுள்ள நிறுவுநர் ஒருவரைப் பிடியுங்கள்.

மாதச் சந்தா கட்டும் கிளவுட் பதிவு? எட்டு கேமரா 2 எம்பிபிஎஸ் என்றால் இடைவிடாமல் 16 எம்பிபிஎஸ் மேலே போக வேண்டும், மாதத்துக்கு 5 டிபி. பல பிராட்பேண்ட் திட்டங்களின் நியாயப் பயன்பாட்டு வரம்பு அதற்கு முன்பே முட்டும். கல்லாவைப் பார்க்கும் ஒரு கேமராவின் நிகழ்வுக் கிளிப்பை மட்டும் வெளியே அனுப்பிவைப்பது அறிவான செலவு. பெட்டி திருடுபோனாலும் அது மிஞ்சும்.

## ஆறாம் படி: ஒரு வாரம் போட்டு உலுக்குங்கள்

காசு கொடுக்கும் மென்பொருள்களிலும் பெரும்பாலானவற்றுக்கு இலவசச் சோதனைக் காலம் உண்டு. அதை அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில் வீணாக்காதீர்கள். இவற்றைச் செய்து பாருங்கள்.

ஒரு கேமராவின் வயரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். தானாக இணைந்து பதிவைத் தொடர்கிறதா? அதைவிட முக்கியம், கேமரா செத்துவிட்டது என்று உங்கள் கைபேசிக்குத் தகவல் வந்ததா? இது இல்லாமல், மூன்று மாதமாக ஒரு கேமரா பதியவே இல்லை என்பது தேவைப்படும் அன்றுதான் தெரியவரும்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தை அணையுங்கள். திரும்பப் போட்டதும் யாரும் தொடாமல் எல்லா கேமராவும் பதிவுக்கு வருகிறதா, அணைந்த நிமிடத்துக் கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள்.

பதிவு அளவை வேண்டுமென்றே 20 ஜிபி என வைத்து நிறையவிடுங்கள். பழையது அழிந்து புதியது வர வேண்டும். சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது தேடல். வீட்டில் யாரையாவது, நேரத்தைச் சொல்லாமல், நேற்று எப்போதோ பின்வாசலில் ஒரு பையை வைத்துவிட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள். இன்று அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். காலக்கோட்டை இழுக்கும்போது படம் உடனே நகர்கிறதா, நாலு கேமராவை ஒரே நேரத்தில் பின்னோக்கி ஓட்ட முடிகிறதா, படத்தில் ஒரு பகுதியை மட்டும் குறித்து அங்கே அசைவு வந்த நேரங்களைக் கேட்க முடிகிறதா? மென்பொருள்களுக்குள் பெரிய வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றிலும் சுமாராக இருந்து இதில் நன்றாக இருப்பதை எடுப்பேன்.

இதே தேடலைக் கல்லாவில் உட்காருபவரிடமோ வீட்டில் கணினி அதிகம் தொடாதவரிடமோ கொடுங்கள். அவர்களால் முடியவில்லை என்றால் நீங்கள் வெளியூரில் இருக்கும் அன்று அது பயன்படாது.

நேரத்தையும் பாருங்கள். சீனத் தயாரிப்புக் கேமராக்கள் பல +8:00 நேர மண்டலத்தில் வரும், டாக்கரில் ஓடும் மென்பொருள் சில சமயம் உலகப் பொது நேரத்தைக் காட்டும். படத்தின் மேல் இரவு 9 என்றும் கோப்பில் மாலை 3:30 என்றும் இருந்தால் நாளைக்கு யார் கேட்டாலும் விளக்க முடியாது. எல்லாக் கேமராவும் கணினியும் ஒரே நேரச் சேவையகத்தைப் பார்க்கட்டும். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்திய நேரத்துக்கான சேவையகம் நடத்துகிறது.

## ஏழாம் படி: எடுத்துக் கொடுப்பதைப் பழகுங்கள்

நான்கு கேமராவிலிருந்து ஒரே பத்து நிமிடத்தை எடுத்து, எந்த மென்பொருளும் கூடுதலாக நிறுவாத வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். டாஹுவா வகைப் பெட்டிகள் டிஏவி என்ற தங்கள் சொந்த வடிவில் தரும். ப்ளூ ஐரிஸ் பிவிஆர் என்ற வடிவில் வைத்துக்கொள்ளும். எம்பி4 ஆக மாற்றித் தரும் வசதி எங்கே இருக்கிறது என்று இப்போதே தெரிந்துவையுங்கள். சொந்த வடிவில்தான் வரும் என்றால், அதை ஓட்டும் பிளேயரையும் சேர்த்து அதே பென்டிரைவில் போட வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கும்போது சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 65பி. புதிய சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் எழுத இடம் இருக்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் வைத்துக் கணக்கிடும் ஒரு நீண்ட எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். சில மென்பொருள்கள் ஏற்றுமதியோடு ஹாஷையும் தரும். தராவிட்டாலும் பரவாயில்லை, விண்டோஸின் பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் எஸ்எச்ஏ-256 கணக்கிட்டுவிடலாம்.

இதற்காகவே ஒரு பழக்கம் வேண்டும். மென்பொருள் தந்த மூலக் கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து, ஹாஷைக் குறித்து, தொடாமல் வையுங்கள். நேரம் பொறித்தது, சுருக்கியது, வாட்ஸ்அப்பில் அனுப்ப வெட்டியது எல்லாம் வேறு பிரதியில் நடக்கட்டும். வாட்ஸ்அப்பில் போன வீடியோ சுருங்கிப்போயிருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழியவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. எனவே சம்பவம் தெரிந்த அன்றே, கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்த நாளின் பதிவைத் தனியாக எடுத்துவிடுங்கள். நாள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

## எட்டாம் படி: வெளியிலிருந்து பார்ப்பதும் அந்நியர் பார்க்காமலிருப்பதும்

2016-ல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொல் வைத்திருந்த டிவிஆர்களையும் கேமராக்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்து, அந்த அக்டோபரில் இணையதள முகவரிகளைக் கண்டுபிடித்துத் தரும் டின் (Dyn) நிறுவனத்தைத் தாக்கி அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை முடக்கியது. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் அறைக் காட்சிகள் வெளியேறி டெலிகிராமில் விற்பனைக்கு வந்தன. யாருக்கு என் கடைக் கேமரா வேண்டும் என்ற சமாதானம் செல்லாது. அவர்கள் ஆளைத் தேடுவதில்லை, திறந்திருக்கும் கதவைத் தேடுகிறார்கள்.

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அதாவது வெளியிலிருந்து உள்ளே வர நேர்வழி திறந்து, கேமராவையோ மென்பொருளையோ நேரடியாக இணையத்தில் வைக்காதீர்கள். வீட்டு இணைப்புகள் பலவற்றில் பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால் அது வேலையும் செய்யாது. வயர்கார்டு அல்லது டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் பாதுகாப்பான தனிப்பாதை) ஒன்றைக் கணினியிலும் கைபேசியிலும் போட்டால், வெளியூரிலிருந்தும் வீட்டு நெட்வொர்க்குக்குள் இருப்பது போலவே பார்க்கலாம். இதை எளிதாக ஏற்கும் மென்பொருளாக, அதாவது தயாரிப்பாளரின் சர்வர் இல்லாமலே உலாவியிலோ செயலியிலோ திறக்கும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள்.

கேமராக்களுக்கு இணையமே தேவையில்லை. பதிவுக் கணினியோடு மட்டும் பேசினால் போதும். ரவுட்டரில் அவற்றின் வெளித்தொடர்பை அடைத்துவிடுங்கள். அடைத்தால் கேமரா வெளியிலிருந்து நேரம் வாங்க முடியாது, கணினியையே நேரச் சேவையகமாகக் காட்டுங்கள். மென்பொருளில் பார்வைக்கு மட்டும் ஒரு கணக்கு, நிர்வாகத்துக்கு ஒரு கணக்கு என்று பிரித்து, நிர்வாகக் கணக்கை நிறுவிக் கொடுத்தவரிடமிருந்தும் மீட்டு கடவுச்சொல்லை மாற்றுங்கள். யார் எப்போது எதைப் பார்த்தார், எதை அழித்தார் என்ற பதிவேடு மென்பொருளில் இருக்க வேண்டும். அடுக்ககச் சங்கத்துக்கு இது கட்டாயம். பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். ஒலிப்பதிவு உண்மையாகவே தேவையா என்று யோசித்துவிட்டு, இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மாதம் ஒருமுறை, மின்கட்டணம் கட்டும் நாள் மாதிரி ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொண்டு, மூன்று விஷயம் பாருங்கள்: ஒவ்வொரு கேமராவின் மிகப் பழைய பதிவு எந்தத் தேதியில் இருக்கிறது, டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் கெட்ட செக்டர் ஏதும் ஏறியிருக்கிறதா, கேமராக்களின் நேரம் சரியாக இருக்கிறதா. பழைய தேதி நாற்பத்தைந்துக்குப் பதில் முப்பதில் நின்றால், யாரோ ஒரு கேமராவின் பிட்ரேட்டை ஏற்றியிருக்கிறார்கள் அல்லது மென்பொருள் அப்டேட்டில் அளவு வரம்பு மாறியிருக்கிறது. அன்றே சரிசெய்துவிடுங்கள்.